இருபத்தைந்தாவது சவாரி

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, காலை எட்டரை மணிக்கு, பெனோவின் குதிரை நொண்டியது.

வலது முன்னங்கால். லாரியிலிருந்து இறங்கும்போதே அதைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்திருந்தது. வாடகைக்குக் கொண்டுவந்த ஆள் குதிரையின் காலைப் பார்த்தான், பிறகு வானத்தைப் பார்த்தான்.

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சு."

"வேற குதிரை?"

"நாளைக்கு ஈஸ்டர். எங்கிட்ட வேற கழுதைகூட இல்ல."

குதிரையை மறுபடி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பெனோ வாசலிலேயே நின்றான்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு லுச்சீனா ஊரின் ஆண்கள் அறுபது பேர் கறுப்பு வால்கோட்டும் உயரத் தொப்பியுமாகக் குதிரை ஏறி, ஆண்டவர் உயிர்த்த செய்தியைப் பாடிக்கொண்டு பக்கத்து ஊரான யசெனோவுக்குப் போவார்கள். அதே நேரத்தில் யசெனோ ஆண்கள் அதே செய்தியை லுச்சீனாவுக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு ஊருக்கும் செய்தி முன்பே தெரியும். ஆனாலும் கொண்டுபோக வேண்டும். எந்த ராஜா ஆண்டபோதும் கொண்டுபோனார்கள். ராஜாவே இல்லாதபோதும் கொண்டுபோனார்கள். சுற்றிலும் ஜெர்மன் பேசும் நாட்டில், வருஷத்தில் அந்த ஒரு நாள் சாலை முழுக்க அவர்களுடைய சொந்த மொழியான சோர்பியத்தில் பாட்டு.

பெனோவுக்கு நாளை இருபத்தைந்தாவது சவாரி. இருபத்தைந்து முடித்தவருக்குக் கோட்டின் மார்பில் வெள்ளி இலை வளையம் குத்துவார்கள். மற்ற ஊர்களில் புறப்படும்போதே குத்திவிடுவார்கள். லுச்சீனாவில் திரும்பி வந்த பிறகுதான். 'போகிறேன் என்று சொன்னதற்கெல்லாம் வெள்ளி கிடையாது' என்பது லுச்சீனாவின் கொள்கை.

"குதிரை எங்க?" வோர்ஷா சமையலறை ஜன்னலைத் திறந்து கேட்டாள். அவன் மனைவி. கையில் மெழுகு தோய்த்த வாத்து இறகும், அதால் பாதி கோலம் எழுதிய ஈஸ்டர் முட்டையும்.

"போயிடுச்சு."

"தனியாவா?"

பெனோ விஷயத்தைச் சொன்னான். நவம்பரிலிருந்தே நூறு மைல் சுற்றளவில் எல்லாக் குதிரைக்கும் பேசி முடித்திருப்பார்கள் என்றான். கடைசியில், "நடந்து போனா கணக்குல சேருமா?" என்று கேட்டான்.

வோர்ஷா முட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். அவள் பிறந்த ஊர் யசெனோ. பெரியப்பா மகன் ஹந்த்ரியிடம் இரண்டு குதிரைகள் உண்டு. ஒன்றில் அவனே போவான். இன்னொன்றில் ஒன்பது வருஷமாகப் போய்க்கொண்டிருந்த அவனுடைய மாமாவுக்குப் பிப்ரவரியில் முழங்கால் ஆபரேஷன்.

பதினோரு மணிக்கு ஹந்த்ரி ஒரு வெள்ளைப் பெண்குதிரையை நடத்திக்கொண்டு வந்தான். பேலா என்று பெயர். உயரம். பரந்த முதுகு. யாரையும் பொருட்படுத்தாத முகம்.

"பதவிசான குதிரை, மச்சான். ஒன்பது வருஷம் பவனி போயிருக்கு. வழி அதுக்கே தெரியும். நீ மேல உக்காந்தா போதும்."

பெனோவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹந்த்ரியைக் கட்டிப்பிடித்தான். எந்த ஊர்ப் பவனி, எந்த வழி என்று அவன் கேட்கவில்லை. ஹந்த்ரியும் சொல்லவில்லை.

குதிரையில் ஒரே ஒரு குறை. எங்கேயோ சாணத்தில் படுத்து எழுந்ததில், பின்பக்கத்தில் மஞ்சளாக ஒரு பெரிய கறை. வெள்ளைக் குதிரையில் அது ஊருக்கே தெரியும். பெனோ தேய்த்தான். கறை கொஞ்சம் பரவியது. முற்றத்தில் வோர்ஷா வரிசையாக வைத்திருந்த வாளிகளில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பான தண்ணீர். கறுப்பு வாளி. தூக்கி ஊற்றினான்.

பேலா கழுத்தைத் திருப்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்தது. பிறகு பெனோவைப் பார்த்தது.

பின்பக்கம் நீலமாக இருந்தது.

"வோர்ஷா!"

"என்ன?"

பெனோ ஒரு கணம் யோசித்தான். "ஒண்ணுமில்ல!"

முட்டைக்கு வைத்திருந்த சாயம். சாயத்தைக் கரைக்க ஏதாவது புளிப்பாக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. பின்கதவு வழியாக உள்ளே போய் அலமாரியிலிருந்து இரண்டு பாட்டில் வினிகர் எடுத்துவந்தான். வினிகர் சாயத்தைப் போக்காது. அழுத்திப் பிடிக்க வைக்கும். முட்டைக்குச் சாயம் போடும் எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். பெனோ பால் கறக்கும் இயந்திரங்களின் மெக்கானிக். அவனுக்குத் தெரியாது.

வெளிர்நீலம் கண்ணெதிரே கடல்நீலமானது.

வோர்ஷா வெளியே வந்தாள். குதிரையைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். குனிந்து மோந்து பார்த்தாள்.

"வினிகர் ஊத்தினியா?"

"ரெண்டு பாட்டில்."

"சபாஷ். ஜூன் மாசம் முடி உதிரும்போதுதான் போகும்."

"எல்லாம் முடிஞ்சுது," பெனோ வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான். "இருபத்தஞ்சாவது தடவை நீலக் குண்டிக் குதிரையில போறேன். ஊரே சிரிக்கும். மெர்ச்சின் என்ன நினைப்பான்?"

மெர்ச்சின் அவனுடைய ஜோடி. பவனியில் இரண்டிரண்டு பேராகப் போவார்கள். யாருக்கு யார் ஜோடி என்பது கல்யாணம் மாதிரி, மாறாது. மெர்ச்சினுக்குத் தேனீ வளர்ப்பு. வருஷத்துக்கு மொத்தம் இருபது வார்த்தை பேசுவான். அதில் பாதி தேனீக்களிடம்.

"அவன் எதுவும் நினைக்கமாட்டான்," என்றாள் வோர்ஷா. "எந்திரி."

உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து தன் கல்யாண மேசைவிரிப்பை எடுத்து வந்தாள். வெள்ளைத் துணி, சுற்றிலும் பூவேலை. குதிரையின் முதுகில் போட்டு அளந்தாள். கத்தரியை எடுத்தாள்.

"ஏய், அது உங்கம்மா குடுத்தது!"

"அம்மா பாக்கமாட்டாங்க. இருபத்தஞ்சும் ஒரு தடவைதான் வரும்."

கறுக் கறுக்கென்று வெட்டினாள். சாயங்காலத்துக்குள் பின்பக்கத்தை மூடும் சேணத்துணி ஒன்று தயாராகிவிட்டது. வாலில் கட்ட சிவப்பு நாடா, ஓரத்தில் வெள்ளைப் பூ. பெனோ தள்ளி நின்று பார்த்தான். நீலம் தெரியவில்லை. காற்றடிக்காதவரை தெரியாது.

ஞாயிறு காலை பதினொன்றரைக்கு வோர்ஷா அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்டாள். அவள் அவனைவிட அரை விரல் உயரம். கல்யாணப் போட்டோவில் அவன் ஒரு படிமேல் நிற்கிறான்.

"கல் சிலுவைகிட்ட கடிவாளத்தை இறுக்கிப் பிடி," என்றாள் பொத்தானைப் போட்டபடி. "மேல் பாதையும் கீழ்ப் பாதையும் பிரியற இடத்துல குதிரை இடது பக்கமா இழுக்கும்."

"அடுப்படியில நின்னு நூடுல்ஸ் வேகவைக்கறவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"இருபத்து நாலு தடவை போன எனக்குத் தெரியாததா?"

வோர்ஷா அவன் தோளில் இருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டாள்.

இருபத்து நாலு என்ற எண்ணை மட்டும் பெனோ எப்போதும் அவசரமாகச் சொல்லி முடித்துவிடுவான். யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு ஓர் ஈஸ்டர். கொட்டும் மழை. பெனோவுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. வோர்ஷா கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டு, 'அஞ்சு நிமிஷம்' என்று படுத்தான். கண் விழித்தபோது சாயங்காலம் ஐந்து மணி. பவனி முடிந்து கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அவன் கோட்டு ஆணியில் தொங்கியது. சொட்டச் சொட்ட நனைந்து. பூட்ஸில் யசெனோவின் செம்மண். முற்றத்தில் குதிரை ஆவி பறக்க நின்றது. ஜன்னலுக்கு வெளியே போன யாரோ, "பெனோ! இன்னைக்கு என்னமா பாடினப்பா!" என்று கத்திவிட்டுப் போனார்கள்.

அதற்கு முன்னும் பின்னும் அவன் பாட்டை யாரும் பாராட்டியதில்லை.

பெனோ தீர யோசித்தான். காய்ச்சலில் தானே போய்விட்டு மறந்திருக்கலாம். ஆனால் நெஞ்சில் அப்பின தைலம் அப்படியே இருந்தது; நனைந்திருந்தால் கரைந்திருக்கும். ஆக, வேறு ஒரே விளக்கம்தான். அவனுடைய காவல்தூதர் அவனுக்குப் பதிலாகப் போயிருக்கிறார். வோர்ஷாவிடம்கூட அவன் கேட்கவில்லை. அவள் சூப் கிண்ணத்தை நீட்டி, "குடி" என்றாள், அவ்வளவுதான். வானத்து விஷயங்களை விசாரிக்கக் கூடாது.

தூதர் போன சவாரி கணக்கில் சேருமா? தூதர் என்னுடையவர், அதனால் சவாரியும் என்னுடையது என்று பெனோ முடிவுகட்டியிருந்தான். மெர்ச்சின்தான் ஒரு சிக்கல். அந்த வருஷத்திலிருந்து, ஒவ்வொரு ஈஸ்டரும், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், மெர்ச்சின் திரும்பிப் பெனோவை ஒரு பார்வை பார்ப்பான். ஏதோ கேட்கப்போவதுபோல வாயைத் திறப்பான். மூடிக்கொள்வான். பன்னிரண்டு வருஷமாக இப்படி.

மணி பன்னிரண்டு. கோயில் வாசலில் ஃபாதர் தடேய் தீர்த்தம் தெளித்துவிட்டு, முன்னால் போகத் தானும் குதிரை ஏறினார். சிலுவை முன்னால், கொடிகள், உயிர்த்த ஆண்டவரின் சுரூபம், பாட்டை எடுத்துக்கொடுப்பவர்கள், மற்றவர்கள், எல்லாருமாக இரண்டிரண்டு பேராக முப்பது ஜோடி. பெனோவும் மெர்ச்சினும் ஒன்பதாவது ஜோடி. பின்னியிருந்த பிடரிகள், சோழி பதித்த கடிவாளங்கள், பளபளக்கும் தொப்பிகள். சாலையின் இரண்டு பக்கமும் பெண்களும் குழந்தைகளும். வோர்ஷா வேலிமேல் கை வைத்து நின்றாள். பெனோ நெஞ்சை நிமிர்த்திப் பாடினான். பாட்டு இந்தப் பக்கம், அவன் குரல் அந்தப் பக்கம். ஆனால் உரக்க.

பவனிகளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. இரண்டு ஊர்ப் பவனிகளும் வழியில் சந்திக்கக் கூடாது. சந்தித்தால் அடுத்த ஈஸ்டருக்குள் ஒரு சவாரிக்காரர் இறந்துவிடுவார். யாரும் இதைச் சோதித்துப் பார்த்ததில்லை. பார்க்கும் எண்ணமும் இல்லை. அதற்காகத்தான் லுச்சீனாவுக்கு மேல் பாதை, காட்டு வழி. யசெனோவுக்குக் கீழ்ப் பாதை, குளத்தங்கரை வழி. போகும்போதும் வரும்போதும் அவரவர் பாதை.

கல் சிலுவை வந்தது. சிலுவையும் கொடிகளும் ஏந்திய முன் எட்டு ஜோடியும் வலது பக்கம் திரும்பி மேல் பாதையில் ஏறின.

பேலா நின்றது. காதுகளை முன்னால் நீட்டியது. ஒன்பது வருஷமாக அது லுச்சீனாவிலிருந்து வீடு திரும்பிய வழி இடது பக்கம். வழி அதற்கே தெரியும். இடது பக்கம் திரும்பியது.

பெனோ கடிவாளத்தை இழுத்தான். தளர விட்டிருந்த கடிவாளம். பேலா அதை ஒரு கருத்தாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மெர்ச்சினின் குதிரை ஜோடியை விடாமல் கூடவே வந்தது. பத்தாவது ஜோடி ஒன்பதாவதைப் பார்த்து நடந்தது. பதினோராவது பத்தாவதைப் பார்த்து நடந்தது. குதிரை என்றைக்கும் முன்னால் போகும் வாலைத்தான் பார்க்கும். மனிதர்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள்.

இருபத்திரண்டு ஜோடி, நாற்பத்து நாலு பேர், பாடிக்கொண்டே கீழ்ப் பாதையில் இறங்கினார்கள்.

பின்னால் இருந்த மாட்டு டாக்டர் மிக்லாவ்ஷ்தான் முதலில் கவனித்தார். ஆனால் பவனியில் பாட்டை நிறுத்தக் கூடாது. பதினான்கு சரணம் கொண்ட பாட்டு, ஆறாவது நடந்துகொண்டிருந்தது. அவர் மெட்டிலேயே பாடினார்:

"அல்லேலூயா... டேய் பெனோ... எங்கடா எங்களக் கூட்டிட்டுப் போற..."

பெனோவும் மெட்டிலேயே பதில் சொன்னான்: "நான் போகல... குதிரை போகுது... அல்லேலூயா..."

"திருப்புடா... மடையா... திருப்பு..."

"முடியல... முடியல... அல்லேலூயா..."

நாற்பது குரல் வழக்கம்போல 'அல்லேலூயா'வை ஏந்திக்கொண்டது. ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் முள்வேலி. நாற்பத்து நாலு குதிரைகளைத் திருப்ப இடமில்லை. அப்போது குளத்துக்கு அப்பால், நாணல்களுக்கு மேலே, ஒரு கொடியின் நுனி தெரிந்தது. யசெனோவின் கொடி.

பாட்டு தானாக நின்றது.

"யாராவது ஒருத்தர் சாகப்போறோம்," என்றார் பின்னாலிருந்து ஒருவர். "யாரு வயசுல மூத்தவர்?"

"என்னை ஏண்டா பாக்கறீங்க?" என்றார் மிக்லாவ்ஷ்.

மெர்ச்சின் பெனோவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

பெனோ சுற்றுமுற்றும் பார்த்தான். நூறு அடி தூரத்தில் கூட்டுப் பண்ணையின் பெரிய மாட்டுத்தொழுவம். அவன் வேலை பார்க்கும் இடம். பூட்டைத் திறக்கும் எண் அவனுக்குத் தெரியும்.

"உள்ள போங்க!" என்று கத்தினான். "எல்லாரும் தொழுவத்துக்குள்ள!"

"வால்கோட்டுல மாட்டுத்தொழுவமா?"

"அப்ப சாகறீங்களா?"

உள்ளே போனார்கள். தொழுவத்தின் நடுவில் தீவன வண்டி போகும் அகலமான பாதை. அதில் இரண்டிரண்டு பேராக, ஒழுங்காக, தொப்பியோடு நின்றார்கள். கடைசி ஆள் தொழுவக் கதவைச் சாத்தினார். சாலையோரத்து வெளிக்கதவைச் சாத்தவில்லை, குதிரைமேலிருந்து எட்டவில்லை. இரண்டு பக்கமும் மாடுகள் கம்பிக்குள்ளிருந்து தலையை நீட்டி இவர்களைப் பார்த்தன. குதிரைகள் உடனே மாடுகளின் தீவனத்தைத் தின்ன ஆரம்பித்தன. மாடுகள் அதைக் குறித்துவைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

மெர்ச்சினின் தொப்பி மேலே தொங்கிய மாடு சொறியும் பிரஷ்ஷில் பட்டது. எதுவும் பட்டால் தானாகச் சுற்றும் பிரஷ். அது தொப்பியை எடுத்துக்கொண்டு அரை நிமிஷம் அக்கறையாகத் தேய்த்தது. மெர்ச்சின் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

வெளியே யசெனோவின் பாட்டு நெருங்கியது. அழகான பாட்டு. தொழுவத்தில் நாற்பத்து நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது பேலா கனைத்தது. வெளியே போவது அதன் வீட்டுக் குதிரை. வெளியிலிருந்தும் ஒரு கனைப்பு பதிலுக்கு வந்தது.

"பேலா?" என்று ஹந்த்ரியின் குரல் கேட்டது, பாட்டுக்கு நடுவில்.

பேலா இன்னும் உற்சாகமாக மூச்சை இழுத்தது. பெனோவுக்கு வேறு வழி தெரியவில்லை. கை எட்டும் தூரத்தில் மின்பலகை. பால் கறக்கும் பம்பின் பொத்தானை அழுத்தினான். பம்ப் பெரும் இரைச்சலோடு ஓட ஆரம்பித்தது. கனைப்பு அதில் அமுங்கிப்போனது.

பெனோ பெருமூச்சு விட்டான். பிறகு அவனுக்கு ஞாபகம் வந்தது.

பம்ப் ஓடினால் மாடுகளுக்குக் கறவை நேரம் என்று அர்த்தம். பம்ப் ஓடினால் பக்கக் கதவு தானாகத் திறக்கும்படி போன மாதம்தான் ஒருவன் வேலை செய்து வைத்திருந்தான். பண்ணைத் தலைவர் அவனைக் கூப்பிட்டு முதுகில் தட்டிக்கொடுத்திருந்தார். அந்த ஒருவன் பெனோ.

கதவு திறந்தது. முப்பத்தொரு மாடுகள் கறவைக்கூடத்தைத் தேடி வெளியே நடந்தன. சாலைக் கதவும் திறந்திருந்தது. சாலையில் பாட்டுச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. மாடுகள் ஒரு கணம் நின்றன. பிறகு, இரண்டிரண்டாக என்றுதான் சொல்ல வேண்டும், யசெனோ பவனியின் பின்னால் போயின.

"பெனோ," மிக்லாவ்ஷ் மெதுவாகக் கேட்டார், "மாடு சந்திச்சா கணக்கு உண்டா?"

"தெரியாது. மேல போகலாம், வாங்க."

பின்கதவு வழியாக வயலுக்குள் இறங்கினார்கள். பச்சைக் கோதுமை வயலின் வரப்பில் ஒற்றை வரிசையாக மேட்டில் ஏறினார்கள். மிக்லாவ்ஷ் பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொடுத்தார். ஏழாவது சரணம்.

யசெனோவில் ஃபாதர் தடேய் எட்டு ஜோடியோடு கோயிலை இரண்டு சுற்று சுற்றி முடித்திருந்தார். திரும்பிப் பார்க்கவே அவருக்குப் பயம். வழியில் மூன்று பெரிய திருப்பங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் 'இதோ வந்துவிடுவார்கள்' என்று நினைத்திருந்தார். யசெனோ ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லுச்சீனாவுல ஆம்பளைங்க அவ்வளவுதானா?" என்று ஒரு கிழவர் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

அப்போதுதான் மேட்டின் விளிம்பில் ஒரு தொப்பி தெரிந்தது. இன்னொன்று. இன்னொன்று. வானத்துக்கு எதிரே கறுப்புக் கறுப்பாக நாற்பத்து நாலு பேர், பாடிக்கொண்டு, பச்சை வயலின் குறுக்கே இறங்கினார்கள். முன்னால் ஒரு வெள்ளைக் குதிரை. மேட்டுக்காற்று சேணத்துணியைத் தூக்கி ஒரு பக்கமாகச் சுருட்டி வைத்திருந்தது. பின்பக்கம் முழுக்க நீலம். அதற்குக் கீழே சிவப்பு நாடா. மீதியெல்லாம் வெள்ளை.

கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"நீலம், சிவப்பு, வெள்ளை," என்றார் குரல் நடுங்க. "நம்ம சோர்பியக் கொடி! குதிரையையே நம்ம கொடியாக்கிக் கொண்டாந்திருக்கானே!"

கைதட்டக்கூடாத நாள். ஆனாலும் தட்டினார்கள். சில பெண்கள் அழுதார்கள். பெனோவுக்குக் காலையிலிருந்து நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. இதற்காகத்தான் எல்லாம் செய்தோம் என்று அவனுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. நெஞ்சை நிமிர்த்தி உரக்கப் பாடினான். பின்னால் மெர்ச்சின் லேசாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

அறுபது பேருமாக மூன்றாவது சுற்று போனார்கள். விருந்துக்குப் பிறகு மேல் பாதையிலேயே திரும்பினார்கள். இந்தத் தடவை பேலாவை மிக்லாவ்ஷ் ஒரு பக்கமும் மெர்ச்சின் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு லுச்சீனா கோயில் வாசலில் மொத்த ஊரும் நின்றது. தரையெல்லாம் சாணம்.

"எப்படி இருந்துச்சு?" பெனோ வேலியோரம் நின்ற வோர்ஷாவிடம் கேட்டான்.

"யசெனோக்காரங்க நம்ம கோயில மூணு சுத்து சுத்தினாங்க," என்றாள். "மாடுங்களும் மூணு சுத்து சுத்துச்சு. அவங்க ஃபாதர் எல்லாத்துக்கும் சேத்தே ஆசீர்வாதம் குடுத்துட்டாரு. நான்தான் ஓட்டிக்கிட்டுப் போய்க் கட்டிட்டு வந்தேன்." பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "கல் சிலுவைகிட்ட கடிவாளத்தை விட்டுட்டியா?"

பெனோ பூட்ஸைப் பார்த்தான்.

ஃபாதர் தடேய் சிறு பெட்டியைத் திறந்தார். வெள்ளி வளையம் சாயங்கால வெயிலில் மின்னியது. லுச்சீனாவில் வளையம் குத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். கேட்பதும் பதிலும் எல்லாருக்கும் மனப்பாடம். பெனோ மட்டும் அந்த நிமிஷம்வரை அதை மறந்துபோயிருந்தான்.

"பெனோ, இருபத்தைந்து சவாரியும் நீயே போனதுதானா?"

மெர்ச்சின் இரண்டடி தூரத்தில் நின்றான், பிரஷ் தேய்த்த தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் தூதரின் கதையைச் சொல்ல வேண்டும்.

"சாமி," என்றான் கடைசியில், "இருபத்தஞ்சும் எங்க வீட்டு வாசல்லேருந்து புறப்பட்டுச்சு. எங்க வீட்டுக் கோட்டு, எங்க வீட்டுத் தொப்பி. அது சத்தியம்."

வேலியோரத்தில் வோர்ஷா வைத்திருந்த காப்பித் தட்டிலிருந்து ஒரு கரண்டி கீழே விழுந்தது.

ஃபாதர் தடேய் ஒரு கணம் அவனைப் பார்த்தார். "புதுசா இருக்கு. ஆனா அழகாச் சொன்ன," என்று வளையத்தை மார்பில் குத்தினார். ஊர் ஆரவாரம் செய்தது. மிக்லாவ்ஷ், தான் உயிரோடு இருப்பதன் சந்தோஷத்தில், பெனோவை இரண்டு தடவை கட்டிப்பிடித்தார்.

பெனோவின் வீட்டு முற்றத்தில் நீள மேசை போட்டிருந்தார்கள். உலர்திராட்சை ரொட்டி, காப்பி, கிண்ணம் நிறைய வோர்ஷா எழுதிய முட்டைகள். அவற்றில் நீலம் மட்டும் இல்லை. பெனோ ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் குனிந்து வளையத்தைப் பார்த்துக்கொண்டான். வோர்ஷா கெட்டிலோடு சுற்றி வந்து எல்லாருக்கும் ஊற்றினாள். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பவனியின் எட்டாவது சரணம். கொஞ்சமும் பிசகாமல்.

மெர்ச்சின் கோப்பையைக் கீழே வைத்தான். தொண்டையைக் கனைத்தான். மேசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மெர்ச்சின் தொண்டையைக் கனைத்து யாரும் கேட்டதில்லை.

"பெனோ," என்றான். "பன்னெண்டு வருஷமா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்."

பெனோவின் கை தானாக வளையத்தை மூடிக்கொண்டது.

"கேளு."

"அடுத்த வருஷம் மழை பெஞ்சாலும் பெய்யாட்டியும் பரவாயில்ல, மறுபடி வோர்ஷாவையே அனுப்பேன். அவ பாடினா என் குதிரைகூடத் தாளம் தப்பாம நடக்குது."